மோட்டார் கொட்டகைச் சாவி

கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. குவைத்திலிருந்து என் கணவர் இர்பான் அனுப்பிய ஸ்மார்ட் ஹோம் ஹப். விளக்குப் போடுவதும் ஃபேன் நிறுத்துவதும் தவிர அதற்கு வேறு வேலை இல்லாமல் இருந்தது. மே மாதம் வந்த அப்டேட்டில்தான் எம்.க்யூ.டி.டி. என்ற சேதி அனுப்பும் முறையும் அதில் சேர்ந்தது. எந்தக் கம்பெனிக் கருவியும் இன்னொன்றோடு பேசிக்கொள்ள உதவும் முறை அது. மன்னார்குடி செந்தில்குமார் செய்து விற்கும், மோட்டாரைத் தூரத்திலிருந்தே போட்டு நிறுத்தும் சிம் வைத்த பெட்டிக்கும் அதே முறைதான். அதை வாங்கி வயலில் மாட்டினேன்.

வயல் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இதுவரை என் கணவரின் அண்ணன் லியாகத் அலி மச்சான்தான் பார்த்துவந்தார். இந்தக் குறுவையை நான் செய்கிறேன் என்றதும் அவர் சிரித்தார்.

"செய்யி தஹ்மீனா. நாத்து நல்லா வந்தா நிலத்தை நீயே பாரு. அழுகுச்சுன்னா மோட்டார் கொட்டகைச் சாவி எங்கிட்ட வந்துடணும்."

"சரி மச்சான்" என்றேன். இர்பானும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்தோம். முதல் சில நாட்களுக்கு மாலையில் தண்ணீர் கட்டி, காலையில் வடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் தண்ணீர் நின்றால் முளை வெந்துபோகும். மாலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போடு, ஆறுக்கு நிறுத்து என்று ஹப்பில் எழுதிவைத்தேன். செவ்வாய் மாலை சொன்னபடி ஓடி நின்றது. புதன் காலை போய் வடித்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம் மச்சானிடமிருந்து போன்.

"ஏம்மா, நாத்து விட்டிருக்கியா, மீன் விட்டிருக்கியா? மோட்டார் கொட்டுது. தண்ணி கணுக்கால் அளவு நிக்குது."

ஸ்கூட்டியில் ஓடினேன். மோட்டாரை நிறுத்தி, கையாலேயே வரப்பை வெட்டி வடித்தேன். தெற்கு மூலைப் பாத்தி மட்டும் போயிற்று.

மச்சான் வரப்பில் நின்றபடி கையை நீட்டினார். "சாவி."

"ஒரு பாத்திதானே போயிருக்கு? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க மச்சான். மறுபடி தானா ஓடுச்சுன்னா நானே கொடுத்துடுறேன்."

வீட்டுக்கு வந்து ஹப்பின் பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மதியம் அது எந்த உத்தரவும் புதிதாக எழுதவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: பன்னிரண்டுக்குப் போன மும்முனை மின்சாரம் ஒரு மணிக்குத் திரும்பியிருக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதே ஒரு மணிக்குத்தான்.

செந்தில்குமாருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, 'போடு'ங்கிற உத்தரவுல 'வைத்திரு'ன்னு டிக் அடிச்சீங்களா?"

"ஆமா. எல்லாரும் ஸ்டார்ட்டரை ஆட்டோல போட்டுத்தானே வைக்கிறாங்க? கரண்டு எப்ப வந்தாலும் ஓடட்டும்னு அடிச்சேன்."

"'நிறுத்து'க்கு?"

"அதுக்கு எதுக்கு? நிறுத்துனா நின்னுச்சு."

"அதான்க்கா! ஹப்பு ஒரு தபாலாபீஸ் மாதிரி. வைத்திருன்னு சொன்ன கடுதாசியைப் பத்திரமா வச்சுக்கும். கரண்டு போய் பெட்டி திரும்ப முழிக்கிறப்பெல்லாம் எடுத்துக் கொடுத்துடும். 'நிறுத்து'தான் வந்த வேகத்துல போயிடுச்சே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஊரெல்லாம் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் வைக்கும் பழக்கத்தை நான் ஹப்புக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

அவர் சொன்னபடி, 'வைத்திரு' குறியோடு ஒரு வெற்றுச் சேதியை அனுப்பினேன். பழைய உத்தரவு அழிந்தது. 'போடு'வில் இருந்த டிக்கை எடுத்தேன். பெட்டி விழித்ததும் தன் நிலையைச் சொல்ல வேண்டும், ஹப் மணியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று புது விதியும் எழுதினேன். வியாழன் முழுக்க வரப்பிலேயே உட்கார்ந்து சரிபார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் தொழுகைத் தொப்பியோடு அப்படியே வந்தார். மின்சாரம் போயிருந்தது. இருவரும் வேப்பமரத்தடியில் நின்றோம்.

ஒரு மணி நாற்பது. மின்சாரம் வந்தது. வடக்கே ஒரு மோட்டார் உறுமியது. கிழக்கே இரண்டு. மச்சானின் மோட்டாரும் தடதடவென்று கிளம்பியது. என் கொட்டகையில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. குழாயில் ஒரு சொட்டு இல்லை.

"கெட்டுப்போச்சா?" என்றார் மச்சான்.

"இல்ல மச்சான். கரண்டு வந்தது அதுக்குத் தெரியும். நேரம் வரலைன்னும் தெரியும். இருந்து பாருங்க."

நம்பாமல் போனவர், பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு மறுபடி வந்தார். நான் டிக் அடித்த கதையைச் சொல்லச் சொல்ல, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஐந்தரைக்கு மோட்டார் குலுங்கிக் கிளம்பியது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. ஆறுக்கு நின்றது. நான் போனைத் தொடவே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் நாற்றுப் பறித்தோம். ஆறு மாவிற்கும் நட்டது போக நான்கு கட்டு மிஞ்சியது. மச்சான் ஒரு கட்டைத் தூக்கி வேரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய கொட்டகைச் சாவி.

"என் மோட்டாருக்கும் ஒரு பெட்டி மாட்டிடும்மா" என்றார். "அந்த டிக்கை மட்டும் அடிச்சுடாத."