பட்டியில் படுக்கிறவர்கள்

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை நான்தான் எழுதினேன். "எமது ஊர் மாட்டுப் பண்ணையாளர்கள் கூடிப் பேசி, பால் குளிரூட்டும் நிலையமே தமது முதல் தேவை என ஒருமனதாக முடிவு செய்தனர்." அப்படி ஊரில் யாரும் கூடவில்லை. கூடியது கனடாவில், மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில், தங்கராசா மாமாவின் வீட்டு பேஸ்மென்டில், நாங்கள் ஏழு பேர். ரோல்ஸ் சாப்பிட்டோம், தேநீர் குடித்தோம், முடிவு செய்தோம்.

2002ஆம் ஆண்டு. சண்டை நின்று பாதை திறந்திருந்தது. மொன்றியலில் இருந்த ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊருக்கு எதையாவது கட்டிக்கொடுக்கப் புறப்பட்டிருந்தது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிறது. நெல்லும் மாடும்தான் தொழில். தங்கராசா மாமா சங்கத் தலைவர். எனக்குத் தூரத்து உறவு. தகப்பனின் பெயரில் ஒரு கட்டிடம் எழும்ப வேண்டும், அதைத் திறக்கத் தான் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் செயலாளர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரியில் கால்நடை வளர்ப்பு இரண்டு வருடம் படித்திருந்ததால் அந்தப் பதவி. மூன்றாம் வருடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இரண்டு தேர்வுகளுக்கு எழும்பவில்லை, பிறகு போகவே இல்லை. உறைந்த உணவுக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை கிடைத்தது. அதற்கு மட்டும் ஒழுங்காக எழும்பினேன்.

உதவி கேட்டது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சிறிய நிதியத்திடம். அவர்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. என்ன வேண்டும் என்பதை அந்த ஊர் மக்களே தீர்மானித்திருக்க வேண்டும், அந்தத் தீர்மானத்தைக் கையெழுத்தோடு இணைக்க வேண்டும்.

"முதல்ல எழுது, ஊருக்கு மறுகா சொல்லுவம். நல்லதுதானே செய்யிறம்?" என்றார் மாமா.

நான் இரண்டு பேனாக்களை மாற்றி மாற்றி எட்டுக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ஒரு அட்டவணையும் நிரப்பினேன். மாதத்துக்கு எத்தனை லீற்றர் பால் என்று பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டிலும் ஒரே எண்.

ஜூலையில் நிதியத்திலிருந்து சில்வி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். விண்ணப்பம் பிடித்திருக்கிறதாம். பண்ணையாளர்களோடு தொலைபேசியில் நேரே பேச வேண்டுமாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கராசா வீட்டுக்கே வருகிறாளாம். நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்.

ஊரில் பண்ணையாளர் சங்கம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதன் செயலாளர் கௌசலா அக்கா. புருசன் இல்லை. அறுபது மாடுகளோடு தனியாக நின்று சமாளிப்பவள். செங்கலடியில் உள்ள தொலைபேசிக் கடைக்குச் சொல்லி அனுப்பினேன். வியாழக்கிழமை அவள் வந்து காத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை மட்டும் சொல்லவில்லை.

"கட்டிடமா? எங்க கட்டப் போறீங்க?"

"ஊருக்கதான். பாடசாலைக்குப் பக்கத்தில."

"தம்பி, நீ மாட்டைப் பத்தித்தானே படிச்ச?"

"ஓம்."

"ஐப்பசி தொடக்கம் பங்குனி மட்டும் ஊருக்க மாடே இல்லையே. வயல் விதைச்சா எல்லாத்தையும் மேய்ச்சல் தரைக்கு ஏத்திருவமே. அந்த ஆறு மாசமும் உங்கட கட்டிடத்துக்கு ஆரைக் கறக்கிற? தங்கராசாவையா?"

மேய்ச்சல் தரை ஊரிலிருந்து இருபது மைலுக்கு மேல். காட்டோரம். அங்கே பட்டி போட்டு மாடுகளை அடைத்து, பக்கத்தில் பரண் கட்டிப் படுத்து, யானைக்கும் கள்ளருக்கும் காவல் இருப்பார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஊரோடு தொடர்பே இல்லை. இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. ஆனால் நான் பட்டணத்து விடுதியில் நின்று படித்தவன். நீண்ட விடுமுறை ஆவணியில்தான் வரும். அறுவடை முடிந்த வயலில் மாடுகள் நிற்கும். என் கண்ணில் ஊர் என்றால் மாடு நிற்கிற ஊர். தங்கராசா மாமாவும் அதே விடுதியில் படித்தவர். அந்த பேஸ்மென்டில் இருந்த ஏழு பேரும் விடுதியில் படித்தவர்கள்தான். பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே எண் வந்தது அப்படித்தான்.

"அப்ப உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. போன மாரியில் தொண்டை அடைப்பான் வந்தது. காலையில் கழுத்து வீங்கினால் மாலைக்குள் மாடு விழும். அவளுடைய அறுபதில் இருபத்துமூன்று போய்விட்டன. மழைக்கு முன் ஊசி போட்டால் தடுக்கலாம். அரசாங்க மாட்டு வைத்தியர் ஒருவர்தான், அவருக்கு வாகனம் இல்லை, மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வழி இல்லை. ஊர்ப் பொடியன்களில் நாலு பேருக்கு ஊசி போடப் பழக்கிவிட அவர் தயார். குளிர்ப்பெட்டியும் ஊசியும் மருந்தும் இரண்டு மோட்டார் சைக்கிளும் வேண்டும்.

"ஐப்பசி பிறந்தா நாங்க ஏத்திருவம். அதுக்குள்ள போடோணும். இந்த மாரியும் அப்பிடிப் போச்செண்டா நான் மாட்டை விட்டுட்டுக் கூலிக்குத்தான் போகோணும்."

"சனிக்கிழமை மட்டும் கட்டிடம் வேணும் எண்டு சொல்லுங்க அக்கா. மறுகா மாத்தலாம்."

"நான் தனியச் சொல்ல ஏலாது. கூட்டத்தில கேட்டுட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளி இரவு வேலை முடித்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த என் அறைக்குப் போகாமல் நேரே கர்க்லாண்டுக்கு பஸ் எடுத்தேன். சில்வி எனக்கு முன்பே வந்திருந்தாள். மாமாவின் மனைவி யோகமலர் மாமி அவளுக்கு ஐந்தாவது பற்றிஸைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். சில்வி மறுக்கத் தெரியாமல் "மெர்சி, மெர்சி" என்றாள். மாமா கோட் போட்டிருந்தார். ஜூலை மாதம், வீட்டுக்குள்.

ஸ்பீக்கரில் கௌசலா அக்காவின் குரல் வந்தது. சில்வி கேட்டாள், நான் மாற்றிச் சொன்னேன்: உங்களுக்கு முதலில் தேவையானது எது?

"நேத்துக் கூட்டம் போட்டம். பதினொரு பட்டிக்காரர் வந்தாங்க. கட்டிடம் வேணாம். ஊசிதான் வேணும். மாடு உசிரோட இரிந்தாத்தானே பால்."

மாமா என் முழங்கையைத் தொட்டார். சில்விக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "கட்டிடம் வேணும் எண்டு சொல்லுறா எண்டு சொல்லுடா. ஊசியும் சேத்து வேணுமாம் எண்டு சொல்லு."

"கிரி, அங்க இரிக்கியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "தங்கராசா அண்ணன் சொல்லுறது எனக்கும் கேக்குது."

மாமி சிரிப்பை அடக்க சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொன்னபடி சொல்வது எளிது. பொய்யைத் தொடங்கியவன் நான், இன்னும் ஒரு வரி. ஆனால் இருபத்துமூன்று மாடு என்பது என் தலையில் நின்றது. தொண்டை அடைப்பானைப் பற்றி இரண்டாம் வருடத்தில் ஒரு முழு அத்தியாயம் படித்திருக்கிறேன். அதில் நல்ல மதிப்பெண்ணும் எடுத்தேன். விண்ணப்பம் எழுதும்போது அது எனக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அக்கா சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். ஆறு மாதம் மாடு ஊரில் இல்லை என்பதையும் சொன்னேன்.

சில்வி கோப்பைத் திறந்தாள். "அப்படியானால் இந்த மூன்றாம் பக்கம்?"

"நான் எழுதியது. கையெழுத்துகளும் என்னுடையவை."

அவள் பேனாவை மூடி வைத்தாள். கோபப்பட்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை, களைத்தவள் மாதிரி நெற்றியைத் தேய்த்தாள். இந்த விண்ணப்பம் முடிந்தது என்றாள். நிதியக் குழு ஜூலை முப்பதில் கூடுகிறது, அதை விட்டால் தை மாதம். பண்ணையாளர்கள் தாங்களே எடுத்த தீர்மானத்தை அனுப்பினால் புதிதாக ஒன்றை வைக்கலாம். ஆனால் பணத்தைப் பொறுப்பேற்க இங்கே பதிவு செய்த சங்கம் வேண்டும், தலைவரின் கையெழுத்து வேண்டும். "இம்முறை தலைவருடைய கை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தாள். மாமி பற்றிஸைக் கட்டிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு போனாள்.

கார் போன சத்தம் அடங்கும்வரை மாமா பொறுத்திருந்தார்.

"நாயே. சோறு போட்ட வீட்டில வைச்சு மானத்தை வாங்கிப்போட்டாய்."

"அப்பிடிச் சொன்னது கௌசலா அக்காதானே மாமா? நான் மாத்திச் சொன்னன், அவ்வளவுதான்."

"தை மாசம் பாப்பம். கட்டிடத்துக்கு வேற ஆக்களிட்டக் கேக்கலாம். நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

தை மாதம் என்றால் மாடுகள் காட்டில் நின்று மூன்று மாதம் ஆகியிருக்கும்.

சில்வி கேட்ட தீர்மானத்தைப் பற்றிக் கௌசலா அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த புதன்கிழமை அது செங்கலடிக் கடையிலிருந்து மாமா வீட்டுக்கு ஃபாக்ஸில் வந்தது. மாமி எனக்கு அழைத்துச் சொன்னார். வேலை முடிந்து காலையில் போனேன். மாமா சாரம் கட்டியபடி மேசை முன் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஒரே தாள். மேலே நான்கு வரியில் தீர்மானம். கீழே பதினொரு பெயர். கையெழுத்து ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பட்டி மாடுகளுக்குச் சுடும் குறி வரையப்பட்டிருந்தது. சூலம், வில், இரட்டைக் கோடு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மாட்டுக்குறி உண்டு. எந்தக் காட்டில் மாடு தவறினாலும் குறியைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். குறிக்குப் பக்கத்தில் ஒரு எண்: போன மாரியில் செத்தவை.

ஏழாவது வரியில் மாமாவின் விரல் நின்றது. பிறையும் அதன் கீழ் ஒரு கோடும்.

"இது என்ட குறி."

"ஓம் மாமா."

பெயர் ஞானேந்திரன். மாமா ஊரில் விட்டுவந்த மாடுகளை பதினெட்டு வருடமாகப் பார்ப்பவர்.

"என்ட மாடு. என்ட குறி. அவன் ஆரு அதை வைக்க?"

தாளின் அடியில் கௌசலா அக்கா ஒரு வரி எழுதியிருந்தாள். நான் வாசித்துக் காட்டினேன். "பட்டியில் படுக்கிறவர்கள் மட்டும் குறி வைத்தனர். சொந்தக்காரர் வந்து படுத்தால் அவரும் வைக்கலாம்."

"எனக்கு நக்கல் விடுறாளா?"

"இல்ல மாமா. அது அவங்கட ஒழுங்கு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கேல்ல."

"நாங்களும் எட்டுப் பேரைக் கேக்காமத்தான் வைச்சம்."

அவர் கையை ஓங்கவில்லை, ஆனால் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. அப்போது மாமி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார்.

"பதினாலு எண்டு போட்டிரிக்கி. பதினாலு என்ன?"

மாமா குனிந்து பார்த்தார். குறியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் எண்ணை அவர் கவனிக்கவில்லை.

"செத்தது" என்றேன்.

"எங்கடயா?"

"உங்கடதான் மாமி."

"இவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே. ஞானேந்திரன் உங்களுக்கு எழுதேல்லையா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

மாமா தாளைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, திரும்பவும் மேசையில் வைத்தார். மொத்தம் எத்தனை நிற்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கும் தெரியாது.

"ஊசி போட்டா சாவு நிக்குமா? நீதானே படிச்சனி."

"முழுக்க நிக்கும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா நல்லாக் குறையும். மருந்தைக் குளிருக்க வைச்சிரிக்கோணும், உறையவும் விடக்கூடாது. அதைச் சரியாச் செய்தா."

"அந்தக் கடுதாசியைத் தா."

புதிய விண்ணப்பத்தை பையில் வைத்திருந்தேன். இரண்டு பக்கம். கையெழுத்துப் போட்டார். அவர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. பதினான்கும் அவருடைய மாடுகள், மிஞ்சியவையும் அவருடையவை. எனக்கு அது போதும்.

"இனி நீ செயலாளர் இல்ல" என்றார், பேனாவைத் திருப்பித் தரும்போது.

"சரி மாமா."

முப்பதாம் தேதி குழு ஒப்புக்கொண்டது. பெட்டிகள் ஆவணி கடைசியில் போய்ச் சேர்ந்தன. ஐப்பசி முதல் வாரம் கௌசலா அக்கா ஒரு நிமிடம் மட்டும் பேசினாள். ஊசி போட்டாயிற்று, இரண்டு பட்டிக்காரர் மட்டும் நம்பாமல் விட்டுவிட்டார்கள், நாளைக்கு ஏத்துகிறோம் என்றாள். பிறகு மழை. அங்கிருந்து பேச வழி இல்லை. ஐந்தரை மாதம் எனக்கு எதுவும் தெரியாது. கிடங்கில் பெட்டிகளை அடுக்கினேன். தங்கராசா மாமாவும் தெரியாமல்தான் இருந்தார். மாமியிடம் இரண்டு முறை, "கிரிக்கு ஏதும் தெரியுமா எண்டு கேள்" என்றாராம்.

பங்குனி நடுவில், பனி இன்னும் தெருவோரம் கறுப்பாகக் குவிந்து கிடந்தபோது, செங்கலடியிலிருந்து அழைப்பு வந்தது.

"முப்பத்தேழு கொண்டுபோனன். முப்பத்தஞ்சும் புதுசாப் பிறந்த ஒம்பது கண்டும் கொண்டுவந்திரிக்கன். ஒண்டு ஆத்தில போனது, ஒண்டை யானை அடிச்சது. கழுத்து வீங்கி ஒண்டும் சாகல்ல."

"ஊசி போடாத ரெண்டு பட்டி?"

"அதைக் கேக்காத. இந்த முறை முதல் ஆளா அவங்கதான் வந்து நிப்பாங்க."

"ஞானேந்திரன் அண்ணனுக்கு?"

"ஒண்டும் போகல்ல. மொத்தம் நாப்பத்தொண்டு நிக்குது எண்டு தங்கராசா அண்ணனுக்குச் சொல்லு. கணக்குத் தெரியாம இரிப்பார்."

அடுத்த விண்ணப்பம் பற்றிக் கேட்டேன். தாள், பேனா எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"கூட்டம் போட்டம். இந்த வருசம் மருந்து மட்டும். அதை நாங்களே பால் வித்து வாங்குவம். உங்களிட்ட ஒண்டும் வேணாம்."

"ஒண்டுமே வேணாமா?"

"போன் நம்பரை மாத்தாத. அவ்வளவுதான்."

வைத்துவிட்டாள். நான் கர்க்லாண்டுக்கு அழைத்தேன். மாமாதான் எடுத்தார். நாற்பத்தொன்று என்றேன். அவர் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சாப்பிட பஸ்ஸில் வருகிறாயா, கார் கொண்டு வரவா என்று கேட்டார். தூங்க வேண்டும், பிறகு பார்ப்போம் என்றேன்.