யோபுவின் விரல் நீண்ட திசை

யோபு தம் வலக்கைச் சுட்டுவிரலை நீட்டினால் அந்தத் திசையில் சிங்கப்பூர் இருந்தது. மடக்கினால் கம்பங்காடு இருந்தது. 1953 ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல் ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே உள்ள ஈச்சங்கரட்டில் நிலைமை இதுதான். அந்த ஊரின் கீழத்தெருவில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்து, கப்பலேறிப் போன யோபு, அந்த நகரத்தில் பதினெட்டு ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற வியாபாரிகளையும் துரைமார்களையும் தனியே கூட்டிக்கொண்டு போய், இது பள்ளிவாசல், இது சீனர் கோயில், இது மாரியம்மன் கோயில் என்று விரல் நீட்டிச் சொல்லுவது அவர் தொழில். ஊர் திரும்பிய மறுநாள், குளம் எங்கே என்று கேட்ட ஒரு வழிப்போக்கனுக்கு விரலை நீட்டியபோது அங்கே ஒரு பாலமும், அதன் கீழே படகுகளும், கருவாட்டு வாடையும் வந்துவிட்டன. பதினெட்டு வருஷம் ஒரே வேலையைச் செய்த உறுப்பு ஊர் மாறினாலும் வேலையை விடாது, செக்கு மாடு சந்தையிலும் வட்டமடிக்கும் என்று சாத்தூர் வைத்தியர் ஒருவர் காரணம் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் வியக்கவில்லை. அந்த வாரம் வத்தல் மிளகாய் விலையும் இறங்கியிருந்ததால் வியப்பதற்கு நேரமும் இல்லை.

ஊரின் நாட்டாமையான உக்கிரபாண்டியும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் பொறுப்பில் இருந்த கண்ணுச்சாமியும், இன்னும் நாலைந்து பெரியவர்களும் அந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்கத் தீர்மானித்தார்கள். கூலி, தலைக்கு ஒரு படி கம்பு. யோபு முன்னால் விரல் நீட்டி நடப்பார். பெரியவர்கள் பின்னால் நடப்பார்கள். ஊருக்குள் கீழத்தெரு யோபு பெரியவர்களுக்கு முன்னால் நடக்கக் கூடாது. ஆகவே அவர்கள் நடந்தபடியே, தாங்கள்தான் முன்னால் போவதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முதல் பயணத்தில் கடலைக் காட்டினார் யோபு. “எத்தனை ஏக்கர் பாயும்?” என்று கேட்டார் உக்கிரபாண்டி. உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் கடலை விட்டுத் திரும்பிக்கொண்டார். இரண்டாம் பயணத்தில், பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் சீனர் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்பதைப் பார்த்துக் கண்ணுச்சாமி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“ஏலே யோபு, இம்புட்டுப் பக்கத்திலயா? சண்டை வராது?”

“வரும்ங்கய்யா. ஆனா காலையில கடை திறக்கணும்லா, அதனால சீக்கிரம் முடிஞ்சுரும்.”

சீனர், மலாய்க்காரர், பஞ்சாபிக் காவற்காரர், பறங்கியர் என்று எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன சாதி என்பதைக் கேட்டறிவதிலேயே அந்தப் பயணம் கழிந்தது. யோபு தமக்குத் தெரியாது என்றார். பதினெட்டு வருஷம் இருந்தவனுக்கு இது தெரியாதா, இவனெல்லாம் என்ன வழிகாட்டி என்று பெரியவர்கள் வருந்தினார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த காளிராஜ் மட்டும் சாதி கேட்கவில்லை. சீனர்கள் தங்கள் பண்டிகைக்குச் சரவெடி கொளுத்துவதைக் கண்டு, “வருசத்துக்கு ரெண்டு சீசன்!” என்று கண்ணீர் மல்கினார், மறுவாரமே மூன்று மாட்டுவண்டி லோடு விரல் நீண்ட திசையில் போனது. கம்பங்காட்டுக்குப் போகிற வண்டிக்குச் சுங்கம் ஏது?

மூன்றாம் பயணத்தில்தான் பிசகு நேர்ந்தது. நல்ல வெயில். பெரியவர்கள் கொண்டுபோயிருந்த கஞ்சிக் கலயம் காலியாகிவிட்டது. பாலத்தடியில் ஒரு தமிழரின் டீக்கடை. கடைக்கு ஒரே பெஞ்சு. யோபு இடக்கையால் கிளாஸை வாங்கிக்கொண்டு, வலக்கை விரலை நீட்டியபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஈச்சங்கரட்டில் யோபுவுக்கு டீ சிரட்டையில்தான், பெஞ்சு கிடையாது. பெரியவர்கள் சற்று நேரம் நின்றார்கள். பிறகு சாய்ந்தார்கள். பிறகு யோபுவை ஒட்டியே உட்கார்ந்தார்கள். கண்ணுச்சாமி சிவப்புக் குஞ்சம் வைத்த தம் தோல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மணமே கூட்டிவிட்டார். எல்லாருக்கும் அதே கிளாஸ்கள்தாம் அலசிக் கொடுக்கப்பட்டன. உக்கிரபாண்டி டீ ஆற்றியவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து வேகமாக நடந்தார். கண்ணுச்சாமி செருப்பை மறந்து பின்னால் ஓடினார்.

அன்று மாலையே சாவடியில் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொல்லப்பட்டது: யோபுவின் விரலுக்கு அப்பால் உண்டது உண்டதாகாது, தொட்டது தொட்டதாகாது, பார்த்தது பார்த்ததாகாது. காளிராஜும் இந்தத் தீர்ப்பை மனதார வரவேற்றார். கண்ணுச்சாமியின் செருப்பை நாய் தூக்கிப் போய்விட்டதாக ஊருக்கு அறிவிக்கப்பட்டது.

இவையெல்லாம் மாரித்தாய்க்கு எட்டிக்கொண்டுதான் இருந்தன. அவள் உக்கிரபாண்டியின் அண்ணன் மனைவி. அண்ணன் செல்லப்பாண்டி, கல்யாணமான மறுவருஷம், 1937 இல், சிங்கப்பூர் போனவன். 1941 வரை கடிதம் வந்தது. பிறகு யுத்தம் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அன்று முதல் ஊர் அவளை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் திண்டாடியது. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதில்லை; எழவு வீட்டில் தாலி அறுத்தவர்களோடும் அவளைச் சேர்ப்பதில்லை. அவளோ இந்த வரிசைகளுக்கு வெளியே, கணவன் பங்காகிய நாலு ஏக்கரிலும் அதன் நடுவே இருந்த கல்கட்டுக் கிணற்றிலும் தன் காலத்தை ஊன்றியிருந்தாள். செல்லப்பாண்டிக்குக் கருமாதி நடந்துவிட்டால் நிலமும் கிணறும் தம்பி கைக்குப் போகும் என்பது ஊர் வழக்கம். உக்கிரபாண்டி பத்து வருஷமாகக் கருமாதியைப் பற்றிப் பேசுவார். நாள் மட்டும் குறிக்கமாட்டார். மூன்றாம் பயணம் முடிந்த மறுநாள் வந்து, தை பத்தாம் தேதி என்று குறித்துவிட்டுப் போனார்.

“அங்கன தெருத்தெருவாப் பாத்தாச்சு மதினி. நம்மாளு ஒருத்தனும் இல்லே. இனியும் கழுத்துல அதைப் போட்டுக்கிட்டு அலையாதீக.”

பத்து வருஷம் நாள் குறிக்காதவன் ஒரே ராத்திரியில் குறிக்கிறான் என்றால் எதையோ பார்த்திருக்கிறான் என்று மாரித்தாய் கணித்தாள். மறுநாள் நண்பகலில், பெரியவர்கள் உண்ட மயக்கத்தில் இருந்த நேரம், ஒரு படி கம்போடு கீழத்தெருவுக்குப் போனாள். மேலத்தெருப் பெண் அங்கே வந்ததைக் கண்டு கோழிகள்கூடச் சற்று ஒதுங்கின.

“அண்ணே, எனக்கும் ஊரைக் காட்டுங்க.”

அண்ணே என்ற சொல்லைக் கேட்டு யோபு திண்ணையை விட்டு எழுந்து நின்றார். “எதைப் பாக்கணும் தாயி? கடலா, கோயிலா?”

“எங்க வீட்டுக்காரரை.”

யோபு கம்புப் படியை வாங்கி வைத்தார். “கேட்டதைக் காட்டுறதுதான் என் தொழிலு. கேக்காததைக் காட்டினா அது கோளு. அதுவும் கீழத்தெருக்காரன் சொன்ன கோளு. முதுகுத்தோலு போயிரும். இப்ப நீங்க கேட்டுட்டீக.” அவர் விரலை நீட்டி, கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார்.

பாலத்தடியில் செல்லப்பாண்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சீனப் பெண் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையவனுக்கு உக்கிரபாண்டியின் காது. மாரித்தாய் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாரித்தாயா?” என்றான் செல்லப்பாண்டி. ஆற்றிய டீ தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமா. உயிரோடதான் இருக்கீகளா?”

“இருக்கேன்.” அவன் தலை குனிந்தான். “எழுதினா ஊருக்கு வரச் சொல்லுவீக. வந்தா இவளை என்ன சொல்லி... அதான் எழுதலை.”

“நான் அங்கன பதினாறு வருசமா உங்களுக்குக் காவல் காத்தேன். நீங்க இங்கன இறா வறுத்துருக்கீக.”

“திட்டு. எம்புட்டு வேணும்னாலும் திட்டு. ஆனா, தம்பி உங்கிட்டச் சொல்லலையா? முந்தாநாள்தானே வந்தான். எம் முகத்தைப் பாத்துட்டு எந்திரிச்சு ஓடிட்டான். மத்தவுக யாரும் நிமிந்து பாக்கலை. கண்ணுச்சாமி மாமா மூணு கிளாஸ் குடிச்சுட்டுச் செருப்பை விட்டுட்டுப் போயிட்டாக.”

அண்ணன் செத்தான் என்பது உக்கிரபாண்டிக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. நாட்டாமையின் அண்ணன் ஊரான் எச்சில் கிளாஸை அலசுகிறான் என்பதுதான் தாங்கவில்லை. அதோடு நாலு ஏக்கரும் இருந்தது. மாரித்தாய் அழவில்லை. திட்டுவதற்கும் அன்று நேரம் போதாது; யோபுவின் கை வலிக்கத் தொடங்கியிருந்தது. “நீங்க வரவேண்டாம். சாகாம மட்டும் இருங்க,” என்று சொல்லிவிட்டு, சிவப்புக் குஞ்சச் செருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

தை பத்தாம் தேதி சாவடியில் ஊர் கூடியது. மாரித்தாய் வந்து, தன் புருஷன் உயிரோடு இருப்பதாகவும் தான் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள்.

“விரலுக்கு அப்பால பாத்தது பாத்ததாகாது மதினி. தீர்ப்பு இருக்கு,” என்றார் உக்கிரபாண்டி, வருத்தத்தோடு.

மாரித்தாய் முந்தானையை அவிழ்த்துச் செருப்பை நடுச்சபையில் வைத்தாள்.

“ஏ! என் செருப்பு!” என்று கண்ணுச்சாமி பாய்ந்து எடுத்து, குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார். அதன்பின்தான் சபை முழுவதும் தம்மைப் பார்ப்பதைக் கவனித்தார்.

“நாய் தூக்கிட்டுப் போச்சுன்னீகளே மாமா?”

“அது... அந்த நாய் அங்கன வரைக்கும் போயிருக்கும்.”

“பாத்தது பாத்ததுதான்னா எங்க வீட்டுக்காரர் இருக்காக, நீங்க யோபு அண்ணனோட ஒரே பெஞ்சுல சம்மணம் போட்டு, அவர் குடிச்ச கிளாஸ்ல மூணு டீ குடிச்சதும் இருக்கு. பாத்தது பாத்ததாகாதுன்னா, ‘அங்கன நம்மாளு இல்லே’ன்னு என் கொழுந்தனார் பாத்துட்டு வந்து சொன்னதும் ஆகாது. பிறகு எதை வச்சுக் கருமாதி? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. எனக்கு மிளகாய்க்குத் தண்ணி பாச்சணும்.”

 பொழுது சாயும்வரை யோசித்து ஊர் சொன்ன தீர்ப்பு இது: செல்லப்பாண்டி செத்ததாகத் தெரியாததால் கருமாதி கிடையாது, நிலம் இருக்கும் கையிலேயே இருக்கும், விரலுக்கு அப்பால் நடந்தது நடந்ததாகாது என்ற பழைய தீர்ப்பிலும் மாற்றம் இல்லை. செல்லப்பாண்டி இன்னும் சாகவில்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் உறுதிசெய்துவரும் சிரமத்தைக் கண்ணுச்சாமி தாமாகவே ஏற்றுக்கொண்டார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதாது, மாதத்துக்கு ஒருமுறை என்றார்.

மறுவாரம் மாரித்தாய் தன் தாலியைத் தானே கழற்றினாள். பத்து வருஷம் அதைக் கழற்றச் சொன்ன ஊர் பதறிப்போயிற்று.

“புருசன் உயிரோட இருக்கையில கழத்துவாகளா மதினி?” என்று உக்கிரபாண்டியே ஓடிவந்தார்.

“இருக்காரா இல்லையான்னு தெரியாம இருந்தப்ப இது காவலுக்குக் கிடந்துச்சு. இருக்காருன்னு தெரிஞ்சு போச்சு. இனி எதுக்குக் காவல்?” என்று சொல்லிவிட்டு, அந்தப் பொன்னையும் ஒரு சோடி மாட்டையும் விற்று, கிணற்றை இன்னும் பன்னிரண்டு அடி ஆழப்படுத்தி ஆயில் எஞ்சின் வைத்தாள். அந்த ஆண்டு அவள் மிளகாய்க்கு விருதுநகர்ச் சந்தையில் முதல் தரம் போட்டார்கள்.

1961 இல் யோபுவுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, சுட்டுவிரல் மட்டும் நீட்டியபடி நின்றுவிட்டது. படுக்கிற இடமெல்லாம் சிங்கப்பூர் வந்ததால் கீழத்தெரு வீட்டில் அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அடுப்படியில் தெருவிளக்குக் கம்பமும் பஞ்சாபிக் காவற்காரரும் நின்றார்கள். மாரித்தாய் அவரைத் தன் காட்டுக்குக் கொண்டுவந்து, கிணற்றுமேட்டு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டாள்.

“மடக்க முடியலையே தாயி,” என்று குழறினார் யோபு.

“மடக்கவேண்டாம்ண்ணே. அப்படியே இருங்க.”

விரல் கிணற்றுக்கு மேலாக நீண்டது. பாலமும் படகுகளும் டீக்கடையும் வந்தன, கிணறு போகவில்லை. கல்கட்டுக் கிணறு பிடிவாதமானது. அது பாலத்துக்கும் டீக்கடைக்கும் நடுவில் அப்படியே நின்றது. நிலமளக்க வந்த அதிகாரி ஒருவர் இரண்டு நாள் சங்கிலி பிடித்துப் பார்த்துவிட்டு, ‘தரிசு, கிணறு ஒன்று’ என்று எழுதிக்கொண்டு போனார்.

1963 சித்திரையில் அந்த நகரத்தில் மழையில்லாமல் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். முதலில் செல்லப்பாண்டியின் சீன மனைவி இரண்டு தகரத்தோடு கிணற்றடிக்கு வந்து, தயங்கி நின்றாள். மாரித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எஞ்சினை ஓட்டிவிட்டு, “தகரத்தைச் சாய்ச்சுப் புடி, சிந்துது பாரு,” என்றாள். அதுதான் அவர்களுக்குள் நடந்த சண்டை. மறுநாள் மலாய்க்காரிகள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் பஞ்சாபிக் காவற்காரரின் வீட்டார் வந்தார்கள். வரிசை பாலத்தைத் தாண்டியது.

ஈச்சங்கரட்டு ஊர்க்கிணற்றில் கீழத்தெருக்காரர்கள் வாளி இறக்கக் கூடாது. ஐந்தாம் நாள் காலை, கீழத்தெருப் பெண்கள் பதினேழு பேர் குடத்தோடு வந்து, சீனப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் நடுவில் வரிசையில் நின்றார்கள். செய்தி போய், உக்கிரபாண்டி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விரைந்து வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். விரல் எங்கிருந்து எங்கே நீண்டிருக்கிறது என்பதையும் பார்த்தார்; கிணறு விரலுக்கு அப்பால் இருந்தது. பாலத்தடிப் பெஞ்சில், அந்த மாதத்து உறுதிசெய்தலுக்காக வந்திருந்த கண்ணுச்சாமி சம்மணம் கூட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன கொழுந்தனாரே, அங்கனயே நிக்கீக?” என்றாள் மாரித்தாய். “ஏதாச்சும் பாத்தீகளா?”

உக்கிரபாண்டி தாம் சொன்ன தீர்ப்பை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் இல்லை. நன்றாகக் கட்டப்பட்ட தீர்ப்பு.

“ஒண்ணும் பாக்கலை மதினி,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த ஆண்டு கோடை முழுவதும் ஈச்சங்கரட்டில் எதுவும் நடக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு முழம்கூட இறங்கவில்லை. வத்தல் மிளகாய் விலை கொஞ்சம் ஏறியது.