டெரிலின் சட்டை காயும் நேரம்

எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி மலை, மலையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மலை. தர்மபுரியிலிருந்து வரும் பஸ் இதற்குமேல் போக வழியில்லாமல் இங்கே நின்றுவிடும். அதனால்தான் இதை ஊர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெரியப்பா மகன் இன்னாசிராஜ் ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவன். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் அக்கரைப் பெண் வேளாங்கண்ணியைக் கட்டினான். பெரியப்பா வீடு ஒற்றை அறை. அதற்குள் பெரியப்பா, பெரியம்மா மிக்கேலம்மாள், இன்னாசியின் தம்பி தங்கைகள், மழை வந்தால் ஆடுகள். புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மிச்சமிருந்தது வெளியிடம். இல்லறத்தில் இல்லம் மட்டும் இல்லை.

அதனால் வெளியிலேயே குடும்பம் நடத்தினார்கள். விடிந்ததும் அவன் பரிசலில் வலை இழுப்பான், அவள் எதிரே உட்கார்ந்து மீனைப் பிரித்துக் கூடையில் போடுவாள். வெயில் ஏறினால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சரிவில் விறகு பொறுக்கப் போவார்கள். மத்தியானம் பாறை நிழலில் ஒரே சட்டியில் களி. சண்டையும் அங்கேதான். ஒருமுறை உப்பு அதிகம் என்று அவன் சொல்ல, அவள் சட்டியோடு எழுந்து மலை ஏறிவிட்டாள். அவன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினான். ஊரே பார்த்தது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தது. அவர்களுக்கு அந்தத் தூரமே ஒரு கதவு போல இருந்தது.

இதற்கும் கேடு வந்தது. மாசி பாதியில் தவசு காலம். ஈஸ்டர் வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றாள் பெரியம்மா. இருந்தார்கள். அது முடிந்து நிமிர்வதற்குள் ஆடி. புதுப்பெண் தாய் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"ஆடி நம்ம வேதத்துல இல்லீங்களே பெரிம்மா?" என்று கேட்டேன்.

"ஏன்டா அருளு, ஆடியில உண்டானா சித்திர வெயில்ல பெத்துக்கணும். வெயிலு வேதம் பாத்துக்கிட்டு அடிக்குதா?" என்றாள்.

கல்லூரியில் இந்த மாதிரி தர்க்கம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஏசுவுக்காக ஆறு வாரம், அக்கம்பக்கத்துக்காக ஒரு மாதம் என்று இரண்டு கட்சிக்கும் என் அண்ணன் கப்பம் கட்டினான்.

வேளாங்கண்ணியின் தாய் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், கரையை ஒட்டி. இன்னாசி இங்கே நின்றால் அவள் துணி துவைப்பது தெரியும். ஆடிக்காற்று எங்கள் பக்கமிருந்து அவள் பக்கம் வீசும். எங்கள் ஊர்ப் பேச்செல்லாம் அக்கரைக்குப் போய்விடும், அங்கிருந்து பேச்சு எதுவும் வராது. அவள் துணியைக் கல்லில் அடிப்பாள். கை மறுபடி உயர்ந்தபிறகுதான் சத்தம் இங்கே லேசாக வந்து சேரும். இன்னாசி அந்தச் சத்தத்துக்காக வலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காது கொடுப்பான். மீன்கள் அந்த மாதம் நிம்மதியாக இருந்தன.

"தெனமும் அப்படி என்னத்தண்ணா தொவைக்கிறாங்க?"

"என் சட்டை."

கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை டெரிலின் சட்டை. சேலத்துக் கடைக்காரர் 'உதறினா காஞ்சிரும்' என்று சொல்லி விற்றது. தாய் வீட்டுக்குப் போகும்போது அதைத் தன் மூட்டையில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள். யாரும் போடாத சட்டையைத் தினமும் துவைப்பதற்கு அவளைத் தவிர யாருக்கும் காரணம் தெரியவில்லை. இன்னாசிக்குத் தெரியும்.

ஆடி பாதியில் பெங்களூரிலிருந்து ஆள் வந்தது. ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, திங்கட்கிழமை காலையில் ஆஜராக வேண்டும். தங்குவதற்கு நாலைந்து பேரோடு ஒரு அறை. வீடு பார்த்து அவளை அழைத்துக்கொள்ள ஒரு வருஷமோ, மேலேயோ. சரி என்று பெரியப்பா சொன்னார், பெரியம்மா சொன்னாள், பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த காளியப்பன் சொன்னார். ஒரு ஆள் மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் அக்கரையில் இருந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறம்மா."

"ஆடி முடியாம அக்கர மண்ணுல கால் வெக்கக்கூடாது. சேதிதான் சொல்லியனுப்பிட்டமில்ல?"

"சட்டை அவகிட்ட இருக்குது. பனியனோட போயி கம்பெனியில நிக்கட்டுமா?"

பெரியம்மா டீக்கடைப் பக்கம் திரும்பினாள். காளியப்பன் டீ ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "மண்ணுல கால் வெக்கக்கூடாதுன்னுதானுங்க மொறை. தண்ணியப் பத்தி எங்க பெரியவங்க ஒண்ணும் சொல்லலீங்க."

பங்குச் சாமியாரை யாரும் கேட்கவில்லை. ஆடி விஷயத்தில் காளியப்பன்தான் எங்களுக்கு பிஷப்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னாசி பரிசலை இறக்கினான். காற்றே தள்ளிக்கொண்டு போனது. போவதற்குத் துடுப்பு வேண்டியதில்லை, திரும்புவதற்குத்தான் தோள் கழன்றுவிடும். துவைகல் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள், கையில் சட்டை, சொட்டச் சொட்ட. அவன் கை நீட்டினான். அவள் சட்டையைக் கொடுக்கவில்லை. கல்லிலிருந்து நேராகப் பரிசலுக்குள் கால் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா கரைக்கு ஓடி வந்து கையை வீசினாள். என்ன திட்டினாள் என்பதைக் காற்று எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னாசி ஏரி நடுவுக்கு வந்து, கயிற்றில் கட்டிய கல்லைப் போட்டுப் பரிசலை நிறுத்தினான். அதற்குள் இரண்டு கரையிலும் ஜனம் கூடிவிட்டது. ஊரில் தனியாக இருக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம், எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற இடமாகப் போய்விட்டது.

அவள் சட்டையைப் பரிசல் விளிம்பில் விரித்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். தொடவில்லை. பேசினார்களா என்றுகூடத் தெரியவில்லை.

"காய வெக்கறா," என்றார் காளியப்பன். "நல்ல பொண்ணு."

டெரிலினும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? சட்டை படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இன்னாசி துடுப்பை எடுத்தான்.

வேளாங்கண்ணி சட்டையை எடுத்து ஏரியில் முக்கினாள்.

பிழிந்தாள். மறுபடி விரித்தாள். இன்னாசி துடுப்பைக் கீழே வைத்தான்.

"கற போவல போல," என்றார் காளியப்பன், கொஞ்சம் சந்தேகமாக.

மறுபடி காய்ந்தது. மறுபடி முக்கினாள். இந்த முறை பிழியவில்லை. அவன் துடுப்பைத் தொடவுமில்லை. நிழல் மலையிலிருந்து இறங்கி ஏரிக்குள் நடந்து வந்தது. காற்றில் பரிசல் கயிற்றைச் சுற்றி மெள்ளத் திரும்பியது. கொஞ்ச நேரம் அவன் முதுகு எங்களுக்கு, கொஞ்ச நேரம் அவள் முதுகு. மூன்றாவது முறை அவள் சட்டையை எடுத்தபோது அவன் கையை நீட்டி, மறு முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகச் சேர்ந்து முக்கினார்கள்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. என்னிடம் நாலு கிண்டல் தயாராக இருந்தது. வீணாகிவிட்டது.

பஸ் வந்து திரும்பி நின்று ஹாரன் அடித்தது. அதுதான் கடைசி பஸ். அதை விட்டால் தர்மபுரியில் பெங்களூர் வண்டி இல்லை, வேலையும் இல்லை.

"பெரிம்மா, ஒரு கொரல் குடுங்க. காத்து அந்தப் பக்கம்தான், கேட்டுரும்."

பெரியம்மா வாயைத் திறந்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு காளியப்பனிடம் திரும்பினாள். "டைவருக்கு இன்னொரு டீ குடுங்க. சூடா குடுங்க. ஆற நேரமாவட்டும்."

காளியப்பன் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார். டிரைவர் ஊதினார்.

வேளாங்கண்ணிதான் எழுந்தாள். பரிசல் ஆடியது. தண்ணீர் சொட்டும் சட்டையை விரித்துப் பிடித்தாள். அவன் கையை நுழைத்தான், ஒவ்வொரு பித்தானாக அவளே போட்டுவிட்டாள். எல்லாப் பித்தானும் போட்டபிறகு, மேல் பித்தானைக் கழற்றி மறுபடி போட்டாள். அவள் பதில் அதுதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அவளைத் துவைகல்லில் இறக்கிவிட்டு, எதிர்காற்றில் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தான். பெரியம்மா தகரப்பெட்டியைக் கையில் கொடுத்தாள். ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மாற்றிக்கொள் என்று சொல்லவில்லை.

நானும் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டியவன், அதே பஸ்ஸில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னுங்க, அந்தப் பக்கம் மழைங்களா?"

"ஆமாங்க," என்றான் இன்னாசி.

பஸ் வளைவில் திரும்பியது. ஏரி மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. துவைகல்லில் வெள்ளையாக எதுவும் இல்லை, ஆனால் கை உயர்ந்து இறங்குவது தெரிந்தது. எதை அடித்தாளோ. சத்தம் வருவதற்குள் பஸ் போய்விட்டது.

ஜன்னல் வழியாக ஆடிக்காற்று உள்ளே அடித்தது. அவன் காலர் நுனி ஒன்று காய்ந்து, படபடக்க ஆரம்பித்தது. இன்னாசி எழுந்து ஷட்டரை இறக்கினான். பிறகு முன் சீட்டுக்காரரிடம் குனிந்து, அவர் பக்கத்து ஷட்டரையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டான்.