பின்னறைக்கு அனுப்பப்பட்ட முகம்

என் முகத்தை வைத்து ஆளுக்கொரு கதை கட்டியாகிவிட்டது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

தையற்கடை என் நாத்தனாருடையது; நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, திரைச்சீலை, அளவெடுக்க ஒரு சின்ன மேடை. பதினொரு வருடமாக அந்த மேடையோரம் என் இடம். வருகிறவரை ஏற்றி நிறுத்தி, உடுப்பை உடம்போடு பிடித்துப் பார்த்து, குண்டூசி குத்தி, எங்கே பிடிப்பது எங்கே விடுவது என்று முடிவு செய்கிறவள் நான். மதியத்துக்கு மேல் பின்னறையில் தையல். அங்கே வெட்டுமேசை, நான்கு மெஷின், கட்டிங் மாஸ்டர். ஜன்னல் கிடையாது. காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று சுவரில் உண்டு, ஓடாது. ஓடினால் மேசையில் விரித்த மாதிரிக் காகிதங்கள் பறக்கின்றனவாம். சுவிட்சின் மேல் அண்ணி டேப் ஒட்டிவிட்டார்.

போன மழைக்காலத்தில் கம்பளிக் கோட்டு ஆர்டர் ஒன்று வந்தது. வெட்ட வெட்டத் தூசி. ஒரே மாதத்தில் என் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. மூக்கு அடைத்தால் வாய் தானே திறக்கும். ஆனால் என் உதட்டில் எந்நேரமும் குண்டூசி வரிசை. அவற்றைக் கவ்விக்கொண்டே வாயின் இரண்டு ஓரத்தாலும் மூச்சை இழுத்தேன். உதடு காய்ந்தது, நாக்கால் நனைத்தேன், இன்னும் காய்ந்தது. ஓரங்கள் வெடித்தன. பிறகு வாயைச் சுற்றிச் சிவந்து, பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பின.

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மேடையில் ஒரு பெண்மணி நிற்கும்போதுதான் சொன்னார்.

"நீ கொஞ்ச நாள் பின்னாடியே இரும்மா. மூஞ்சியப் பார்த்துட்டு எல்லாரும் தள்ளி நிக்கிறாங்க."

"யாரு அண்ணி தள்ளி நின்னது?"

"ஏன், நானே தள்ளித்தானே நிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு நாள் முழுக்கப் பின்னறை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்கும்: "அவளுக்கு என்னமோ தொத்து. அதான் உள்ள வச்சிருக்கேன்."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "அக்கா காரணமில்லாம சொல்ல மாட்டாங்க" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த அக்கா கொடுத்த களிம்பைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். தடவினால் இரண்டு நாள் அடங்கும். விட்டால் இரண்டு மடங்காக வரும். தோல் மருத்துவரிடம் மூன்று தடவை போனேன். சோப்பை மாற்றச் சொன்னார், பிறகு இன்னொரு சோப்பு, பிறகு சோப்பே வேண்டாம் என்றார். வாயைத் திற என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஈறில் ரத்தம் கசிவதையும் காலையில் நாக்கு கட்டையாகக் கிடப்பதையும் நானும் சொல்லவில்லை. அதெல்லாம் முகத்தோடு சேர்ந்த விஷயம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கடைவாய்ப் பல் வலித்து, பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பல்லைப் பார்க்கும் முன் என் மூச்சைப் பார்த்தார்.

"மூக்கால விடுங்க."

"வரலை டாக்டர். நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா வாயாலயேவா? எச்சில்தாங்க வாய்க்குக் காவல். அது காஞ்சா ஈறு வீங்கும், பல்லு கெடும். தூங்கும்போது எச்சில் ஓரத்துல வழிஞ்சு ஊறுது, பகல்ல நீங்களே நக்கி நக்கிக் காய வைக்கிறீங்க. தோல் எவ்வளவுதான் தாங்கும்? அந்த வெடிப்புல கிருமியும் சேர்ந்திருக்கு. என்ன தடவுறீங்க?"

களிம்பைக் காட்டினேன். பின்பக்கம் படித்தவர் அதை மேசையில் போட்டார்.

"இது ஸ்டீராய்டு. முகத்துல இப்படி மாசக்கணக்கா தடவுனா, பரு இதாலயே வரும். எல்லாருக்கும் வாய்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு அதுவும் இதுவும் சேர்ந்திருக்கு. எங்க வேலை?"

குண்டூசி, கம்பளி, டேப் ஒட்டிய சுவிட்ச், எல்லாம் சொன்னேன்.

"பேப்பர் பறக்கும்னு மனுசங்க மூச்சை அடைச்சு வச்சிருக்காங்களா?"

"இது அடுத்தவங்களுக்குத் தொத்துமா டாக்டர்?"

"நீங்க அளவெடுத்தா யாருக்கும் ஒண்ணும் வராது."

"அதை எழுதிக் குடுங்க."

படியிறங்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைக் கெடுத்த அறைக்குள்ளேயே என்னை ஐந்து வாரம் அடைத்துவிட்டு, வெளியே தொத்து என்றிருக்கிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு தைத்திருக்கிறேன். அண்ணி மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது.

மறுநாள் காலை கடிதத்தை அண்ணியின் மேசையில் வைத்தேன். படித்தார்.

"நல்லதாப் போச்சு. முகம் தெளியட்டும், முன்னாடி வா."

"முகம் தெளியணும்னா விசிறி ஓடணும்."

"பேப்பர் பறக்குமே."

"பேப்பர் மேல இஸ்திரிப் பெட்டிய வைக்கலாம் அண்ணி. எங்க மூக்கு மேல எதை வைக்கிறது?"

உள்ளே கட்டிங் மாஸ்டர் இருமினார்.

"பாருங்க, அவரும் ஆமாங்கிறாரு."

"வாய் நீளுது உனக்கு. தம்பி பொண்டாட்டின்னு பார்க்கிறேன்."

"தம்பி பொண்டாட்டிக்கே தொத்து பட்டம் கட்டுனீங்க. வேத்தாளா இருந்தா ஊரையே கூட்டியிருப்பீங்க."

உள்ளே போய் டேப்பைக் கிழித்தேன். விசிறி கரகரவென்று கிளம்பியது. காகிதங்கள் எழும்பின. கட்டிங் மாஸ்டர் இரண்டு கையாலும் அவற்றை அமுக்கிப் பிடித்தார், நிறுத்தச் சொல்லவில்லை. குண்டூசிகளை ஒரு பஞ்சுத் திண்டில் குத்தி, அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து மேடையருகே நின்றேன்.

"இந்த மூஞ்சியோடயா?" என்றார் அண்ணி.

"இருக்கிறது இது ஒண்ணுதான்."

கதவு திறந்தது. பழைய வாடிக்கை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவர் கண் என் வாயோரத்தில் வந்து நின்றது. அண்ணி முந்திக்கொண்டார். "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, நான் எடுக்கிறேன்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றேன். "உள்ள காத்தில்லாத அறை. மூக்கு அடைச்சு, வாயால மூச்சு விட்டு விட்டு வந்த புண்ணு. தொத்தாது. டாக்டர் எழுதுனது மேசையில இருக்கு, படிச்சுப் பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா அண்ணி எடுக்கட்டும்."

ஆசிரியை மேசைப் பக்கம் திரும்பவேயில்லை. பையைக் கீழே வைத்தார். மேடையேறிக் கைகளை விரித்தார்.

"போன மாசம் உங்க அண்ணிதான் எடுத்தாங்க" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "தோள் பிடிச்சு, போர்டுல எழுதக் கையே தூக்க முடியலை."

அளவுநாடாவை எடுத்தேன். இந்தத் தடவை பிடிக்கக் கூடாதென்று அவருடைய தோளை இரண்டு தடவை அளந்தேன்.