பங்கேற்பாளர் 7

1

இந்தக் கதை ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் பிறந்தது. பின்னிணைப்பை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். கட்டுரையில் மன்னிப்புக் கேட்க இடம் கிடையாது. ‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு பத்தி உண்டு, அதுவும் நூற்றைம்பது சொல்லுக்குள். அதனால் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்திறங்கிய ஒரு காலையில் (அடித்துவிட்டேன். படகை வாடகைக்கு எடுத்துப் பறவை பார்க்க வருகிறவர்கள் எழுதும் வரி.)

கங்காதரன் ரொம்ப நல்ல மனிதர். (நல்லவராக இல்லாவிட்டால் நான் செய்தது சரியாகிவிடுமா? இதையும் அடித்துவிட்டேன்.)

கங்காதரனுக்கு ஏரியில் பாடு இருந்தது.

இது நிற்கட்டும். இப்போது அவருக்குப் பாடு இல்லை. அதற்குக் காரணம் நான்.

2

ஊர் எது என்று கேட்காதீர்கள். லைட்ஹவுஸ் குப்பம் இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம் பக்கமும் இல்லை. [இப்படி ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஓர் ஊர் மிஞ்சும். நிறுத்துகிறேன்.]

ஏரியில் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்ன நாளில், இன்ன இடம், இன்ன வீட்டுக்கு என்று ஊரே சேர்ந்து வரிசை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வரிசையை எந்தச் சுவரிலும் ஒட்டிவைப்பதில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்டாலும், நாளை மறுநாள் யார் பாடு என்று கத்தியை நிறுத்தாமல் சொல்வாள். விரல்விட்டுப் பின்னால் எண்ணி, போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் யார் பாடு என்றும் சொல்வாள். இதை என் குறிப்பேட்டில் வியந்து வியந்து எழுதியிருக்கிறேன். வியந்தேனே தவிர யோசிக்கவில்லை.

பாடு போய்விட்டால் ஏரி மட்டும் போகாது. அந்த வீட்டில் திருவிழா வரி வாங்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு ஊர் வந்து நிற்காது. அந்த ஆள் ஊரில் குடியிருக்கலாம், ஆனால் ஊர்க்காரர் இல்லை.

3

கங்காதரனுக்கு நாற்பத்தாறு வயது (மாற்றியிருக்கிறேன்). மனைவி பெயர் கீதா (மாற்றியிருக்கிறேன்). மகள் ஐஸ்வர்யா நர்சிங் படிக்கிறாள். பெயரை மாற்றினேன், படிப்பை மாற்றவில்லை. அதை எடுத்துவிட்டால் அவர் ஏன் அந்த வேலைக்குப் போனார் என்பது உங்களுக்குப் புரியாது. பாருங்கள், கதையிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். புரிய வேண்டும் என்பதற்காக ஒருவரை விட்டுக்கொடுப்பது.

என் ஆய்வுமுறை புதியது. மீனவர்கள் பத்துப் பேர், மூன்று மாதம், தினமும் சாயங்காலம் அன்று என்ன செய்தோம் என்பதைப் போனில் பேசி எனக்குக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் மக்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள், தனியே பேசவிட்டால் உண்மை வரும் என்பது இந்தப் புது முறையின் வாதம். வாதம் சரிதான். இரண்டாவது வாரமே உண்மை வந்தது.

“மேடம், இன்னிக்கு நம்ம பாடு இல்ல. தெற்கால ஹார்பர்ல மூட்டை எறக்கப் போனேன். ஊருக்குத் தெரிஞ்சா பாட்ட எடுத்துடுவாங்க. ஃபாரத்துல பேரு வராதுன்னு போட்டுகீதே, அத்த நம்பித்தான் உங்களாண்ட சொல்றேன்.”

துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து ஊர் போராடிக்கொண்டிருந்தது. அங்கே கூலிக்குப் போகிற வீட்டுக்குப் பாடு கிடையாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். முகத்துவாரத்தில் மணல் ஏறி, இறால் வரத்து குறைந்து, பாடு வரும் நாளிலும் பாதி வலை காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. போராட்டமும் நியாயம், அவர் மூட்டை தூக்கியதும் நியாயம். இரண்டையும் ஒரே ஆள் வாயால் பதிவுசெய்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு ஏக சந்தோஷம்.

(அடிக்குறிப்பு: அவர் சொன்ன ஃபாரம் என்பது ஒப்புதல் படிவம். நான் எழுதியதுதான், நான்கு பக்கம். பெயர் வெளிவராது என்பது முதல் பக்கத்தில். எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பது மூன்றாம் பக்கத்தில்.)

4 (இதைத் தவிர்க்க முடியுமா என்று ஐந்து நாள் பார்த்தேன்)

கட்டுரை வெளிவந்தது. பின்னிணைப்பில் ஒரு பெரிய அட்டவணை. பெயர்களுக்குப் பதிலாக ஒன்று முதல் பத்து வரை எண்கள். எதிரே தேதிகளும் அன்றன்று செய்த வேலையும். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். நெறிமுறைக் குழுவில் மூன்று பேராசிரியர்கள். மறைக்க வேண்டியதை ஒழுங்காக மறைத்திருக்கிறேன் என்று பாராட்டினார்கள்.

ஆய்வை மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் இப்போது வேதவாக்கு. நான் அதை நம்பினேன், இப்போதும் பொய்யென்று சொல்ல மாட்டேன். கட்டுரையைத் தமிழில் சின்னப் புத்தகமாக நூறு படி அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பொதுக்கூடத்தில் கொடுத்தேன். டீயும் பிஸ்கட்டும் கூட என் செலவு.

ஊர்த் தலைவர் தேவேந்திரன் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. வரிசை போடுகிறவர் கண்ணில் தேதி பட்டால் அந்த நாள் யார் முறை என்று கேட்காமல் இருக்க முடியாது. விவகாரமாகக் கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் கேட்டார்.

“பொங்கலுக்கு முன்னால, மூணாந்தேதி, வடக்கால பாடு யாருது?”

பின்வரிசையில் ஒரு பெண் விரலை மடக்கி எண்ணிவிட்டு, “கங்காதரன் வூட்டுது” என்றாள்.

ஏழாம் எண்ணுக்கு எதிரே, மூன்றாம் தேதி, வடக்குப் பாடு. அதற்கடுத்த கட்டத்தில் நான்காம் தேதி, துறைமுகக் கூலி. ஐந்தாம் தேதியும் அதே. தேவேந்திரன் சட்டென்று புத்தகத்தை மூடினார். ஆனால் கூடத்தில் இன்னும் தொண்ணூற்றொன்பது புத்தகங்கள் இருந்தன. பக்கத்திலிருந்தவர் அடுத்த கட்டத்தைச் சத்தமாக வாசித்துவிட்டார்.

நான் பெயரை மறைத்தேன், தேதியை மறைக்கவில்லை. அந்த ஊரில் நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டால் ஆளைச் சொன்னதாகிவிடும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த ஊர்தான்.

கங்காதரன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் எழுந்து அது அவரில்லை என்று ஒரு பொய் சொல்வேன் என எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தரவைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று பழகியிருந்தேன். கீதா எழுந்து வெளியே போனாள்.

5

அன்றைக்கே பாட்டை எடுத்துவிட்டார்கள். நான் தேவேந்திரனைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்து, எல்லாம் என் தவறு, அவரைத் தண்டிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்கோ? சட்டையெல்லாம் தூசியோட அவன் வர்றத பாதி ஊரு பாத்துக்கினுதான் இருந்துது. பொண்ணு படிக்குதேன்னு கம்முனு இருந்தோம். நீங்க அச்சுப் போட்டு, அத்தினி பேரு முன்னால படிக்க வெச்சிட்டீங்கோ. அப்பறமும் கம்முனு இருந்தா நான் இன்னா தலைவரு?”

தீர்மானம் ஒரு சட்டம் என்றால், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது இன்னொரு சட்டம். முதலாவதைப் பதிவுசெய்தேன். இரண்டாவதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. ஊர் அவருக்காகக் கட்டிக் காத்துவந்த ஒரே விஷயத்தை நான் ஆதாரம் காட்டி உடைத்தேன்.

இனிக் கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ: திருவிழாவில் ஊர் மனமிரங்கிப் பாட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. தேவேந்திரனும் கங்காதரனும் (என் குற்றவுணர்வுக்கு நானே ஊற்றிக்கொள்ளும் சர்பத். வேண்டாம்.)

முடிவு ஆ: துறைமுகத்திலேயே நிரந்தர வேலை கிடைத்து (கூலி வேலை இரண்டாம் மாதமே நின்றுபோனது. ஏரியும் இல்லை, மூட்டையும் இல்லை. மகள் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.)

முடிவு இ: அந்தக் கட்டுரையை நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆசிரியைக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. (இது நடந்தது.)

6

போன மாதம் கங்காதரன் போன் செய்தார்.

“மேடம், எப்ப வேணா விலகிக்கலாம்னு ஃபாரத்துல கீதுல்ல? நான் விலகிக்கிறேன்.”

பத்திரிகைக்கு எழுதினேன். உடனே கேட்டுக்கொண்டார்கள். இணையத்தில் இருக்கும் அட்டவணையில் இப்போது ஆறுக்கு அடுத்தது எட்டு. அதை அவரிடம் சொன்னபோது அந்த நூறு புத்தகங்களைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதிலாக, நடந்ததைக் கதையாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பேன், வெட்கக்கேடு.

“அதுல நான் வர்றேனா?”

பெயரை மாற்றிவிட்டேன் என்றேன்.

“அப்பவும் பேரு இல்லாமத்தான் போட்டீங்க” என்றார். பிறகு நிதானமாக, “அதுலேந்தும் விலகிக்கிறேன் மேடம்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவர் சொன்ன பிறகும் இது உங்கள் கையில் இருக்கிறது. [           ] என்று ஒவ்வோர் இடத்திலும் அவரை எடுத்துப் பார்த்தேன். எடுத்த பிறகு மிஞ்சியது என் வருத்தம் மட்டும்தான். அதைப் படிக்க யாருக்கும் தலையெழுத்து இல்லை. அதனால் திரும்பவும் அவரையே வைத்தேன். இந்த இரண்டாம் முறையை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எனவே முடிவு உங்களிடம். எதுவும் எழுத வேண்டாம். யாராவது, ஏரிப் பக்கத்து ஆளாகக்கூட இருக்கலாம், இது யாருடைய கதை என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தாலும் அப்படியே சொல்லுங்கள். நான் புத்தகத்தோடு போகும்வரை அந்த ஊர் அவருக்குச் செய்தது அதைத்தான்.

கதை முடிந்ததும் அடியில் ஊரும் தேதியும் போடுவது என் வழக்கம். போடவில்லை.