ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்

நுணலும் தன் வாயால் கெடும். பிரதான சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள் என்பதற்காக, "இப்படித் திரும்புங்க, குறுக்கு வழி" என்று அவளே சொல்லித் தொலைத்தாள். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் கார் அந்த இடிந்த ஐஸ் ஃபேக்டரியின் முன் நின்றது. கணவர் இறங்கிவிட்டார்.

ஞாயிறு மலரில் 'யாரும் அறியாத கரைகள்' எழுதுகிறவர் அவர். நண்பர்கள் சூட்டிய பட்டம், கரைகண்டவர். அது கேலி என்று இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்த கரையில் இப்போது குதிரைச் சவாரி நடக்கிறது. அவர் உருகி எழுதிய பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறார்கள். அங்கே நிலவும் தனிமையைக் காண வருகிற கூட்டத்துக்கு வண்டி நிறுத்த இடமில்லை.

இந்தக் கரை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் காலை வேலை முடிந்ததும், கூரையில்லாத இந்தக் கட்டடத்தைக் கடந்து பின்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். 'ரிசல்ட் வந்துடுச்சா' என்று கடல் கேட்காது.

கணவர் சுவரைத் தட்டிப் பார்த்து, அரசர் காலத்துத் தானியக் களஞ்சியம் என்றார். அவள் துருப்பிடித்த குழாயைக் காட்டினாள். அந்த நாளிலேயே என்ன பொறியியல் பார், என்று வியந்து பேனாவை எடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"இதைப் பத்தித்தான் அந்த வானொலிக்காரர் போன வருஷமே பேசிட்டாரே?"

பேனா நின்றது. வானொலியில் பயணக்கதை சொல்லும் அந்த மனிதர், இவருடைய பரம வைரி.

"கொசுத் தொல்லைன்னு சொன்னார்," என்று ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக்கொடுத்தாள். அங்கேதான் பிசகியது.

"இந்தக் காத்துல கொசு எப்படிடி நிக்கும்? ரசனை கெட்டவன். இதுக்கு மறுப்பு எழுதியே ஆகணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. ஆனாலும் இத்தனை வருடக் குடித்தனம் வீண்போகுமா?

"தாராளமா எழுதுங்க. அவர்தான் முதல்ல வந்தார்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்."

அவள் சொன்னதை மனசுக்குள் நாலு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் பேனாவை மூடினார். பார்த்தால் ஏதோ பழைய ஐஸ் ஃபேக்டரி மாதிரித்தான் இருக்கிறது, தனக்கு முதலிலேயே சந்தேகம் என்றார்.

எழுத வேண்டாத கடலை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சும்மா நின்றார். அவள் பின்படிக்குப் போய் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். செருப்பைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் அலை வந்து கணுக்காலை நனைத்தது.

"தண்ணி சில்லுனு இருக்கு," என்றார், உலகுக்கு அறிவிக்கும் குரலில்.

அந்தக் கண்டுபிடிப்பை மட்டும் அவளும் மறுக்கவில்லை.