சுவரிலா, பையிலா?

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி அபயாம்பாள், "ஏன்னா, கீழ போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறைஞ்சுடப் போறது?" என்றாள். பதில் சொல்வதற்குப் பதிலாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'பம்பாய் மாட்டுங்காவில் மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஜம்பு என்றொரு கம்பீரமான மனிதர்—'

என் பெயர்தான் ஜம்பு. கம்பீரமும் உண்மை. ஆனால் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

2

மகன் மாதவ் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். அதற்கு வீட்டில் ஒரு சார்ஜர் வேண்டும். இரண்டு வகை உண்டு. ஒன்று சுவரில் பதிப்பது. வேகமாக ஏற்றும், பார்க்கவும் கௌரவமாக இருக்கும். மற்றது பையில் எடுத்துப் போவது. பதினைந்து ஆம்பியர் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே செருகலாம். விடிய விடிய ஏற்றும்.

நான் சுவர்க் கட்சி. பையும் ஒயருமாக அடுத்தவர் வாசலில் நின்று "கொஞ்சம் கரண்ட் கொடுங்கள்" என்று கேட்பது எங்கள் பரம்பரையில் இல்லை. என் தகப்பனார் பக்கத்து வீட்டில் உறைமோர்கூட வாங்கியதில்லை. (ஒருமுறை வாங்கினாராம். அபயாம்பாள் சொல்கிறாள். கதைக்கு வேண்டாம்.)

3

ஆனால் பார்க்கிங் சுவர் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்குச் சொந்தம். செயலாளர் கையெழுத்து இல்லாமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது விதி. விதியைக் கொண்டுவந்தவன் நான்.

காரணம், தரைத்தளத்து பிரம்மநாயகம். திருநெல்வேலிக்காரர். பார்க்கிங் சுவரில் கொடிக்கம்பி அடித்து லுங்கி காயப்போட்டார். கட்டடத்தின் முகத்தில் லுங்கி! பொதுக்குழுவில் எழுந்து பேசினேன். கைதட்டினார்கள். கம்பி இறங்கியது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. விதி சரியான விதி, இன்றும் சொல்வேன்.

இப்போது செயலாளர், பிரம்மநாயகம்.

பை சார்ஜர் என்றால்? காருக்கு எட்டுகிற ஒரே பிளக் பாயின்ட் தரைத்தளத்துச் சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. சமையலறை, பிரம்மநாயகத்தினுடையது.

வாசகர் முகம் சுளிப்பது தெரிகிறது. இரண்டு வழியும் ஒரே வாசலுக்கா? கொஞ்சம் செயற்கை. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு வரைவில் கையெழுத்துக்கு ஒருவர், பிளக்குக்கு இன்னொருவர் என்று பிரித்துப் பார்த்தேன். அபயாம்பாள் படித்துவிட்டு, "இப்படி ரெண்டு நல்லவா நம்ம கட்டடத்துல எங்க இருக்கா?" என்றாள். மறுபடி ஒருவராக்கினேன்.

4

"மாடியிலேர்ந்து ஒயரைத் தொங்க விட்டா என்னடா?"

"அரே, அப்பா! மூணு மாடிக்கு எக்ஸ்டென்ஷன் போட்டா ஒயர் சூடாயிடும். கம்பெனிக்காரனே வேண்டாம்னுட்டான்."

"அப்போ வழக்கம்போல செம்பூர் சார்ஜிங் பங்க்லயே ஏத்திண்டு வா."

"டெய்லி அங்க லைன்ல நின்னு நின்னு சுஷ்மா அலுத்துப் போய்ட்டா. காட்கோபர்ல ஒரு ஃப்ளாட் பாத்திருக்கோம்ப்பா. பார்க்கிங்லயே சார்ஜர் இருக்கு. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்."

சுஷ்மா என் மருமகள். இந்த இடத்தில் ஒரு தகப்பனின் மனநிலையை வர்ணிக்க வேண்டும். அவர் நெஞ்சில் ஏதோ—

[வர்ணனை வேண்டாம். டிவி சத்தத்தைக் கூட்டினார் என்று மட்டும் போடவும்.]

சுவர் சார்ஜருக்கு இன்னொரு நன்மை: பையைப் போல அதைத் தூக்கிக்கொண்டு யாரும் காட்கோபர் போய்விட முடியாது. (இது தொழில்நுட்பக் காரணம் மட்டுமே.)

5

முடிவு அ: பிரம்மநாயகம் தாமே மாடியேறி வந்து, "பெரியவரே, தங்கள் குடும்பத்துக்கு இல்லாத சுவரா!" என்கிறார். ஓரத்தில் அபயாம்பாள் எழுதியது: 'அவர் என்னிக்கு இப்படிப் பேசியிருக்கார்?'

முடிவு ஆ: நான் இறங்கிப் போகிறேன். அவர் கதவைத் திறந்து, "என்ன வே, உம்ம சட்டம் உம்ம காலையே சுத்துதாக்கும்? சார்ஜர மாட்டிக்கிடும். ஆனா எங் கொடிக்கம்பியும் மறுபடி ஏறும், சரியா?" என்கிறார்.

இந்தப் பேச்சு அவர் குரலிலேயே அமைந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு இ: ஞாயிறு கழிந்துவிட்டது. பார்க்கிங் காலி. சுவரில் ஓர் ஆணி இல்லை, லுங்கி இல்லை. எல்லாம் விதிப்படி இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அபயாம்பாள் போய் என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

6

இன்று ஞாயிறு. இஸ்திரி போட்ட சட்டையில் பிரம்மநாயகத்தின் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். கதையில் கதவின் நிறத்தைச் சரியாக எழுத வேண்டுமே, அதற்காக வந்தேன். பச்சை. குறித்துக்கொண்டாயிற்று. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

விரல் அழைப்பு மணி வரை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. எங்கள் குடும்பத்து விரல்.

வாசகரே, உங்களுக்கும் அவருக்கும் எந்த விரோதமும் இல்லை. மணியை நீங்கள் அழுத்துங்கள். நான் பின்னால் நிற்கிறேன். சார்ஜர் விஷயமாக வந்தோம் என்று சொல்லுங்கள். சுவரா பையா என்பதை அவர் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். லுங்கிக் கம்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும் சற்று விலகி நில்லுங்கள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.